குற்றவாளி என்று தீர்ப்பாகியும் சிறை இல்லை: நன்னடத்தைப் பிணையில் பாதிக்கப்பட்டவருக்கு என்ன வழி?

உங்கள் கேள்வியை ஒருமுறை திருப்பிச் சொல்லிவிடுகிறேன். 2021-ல் பக்கத்துத் தெருக்காரர் தாக்கியதில் உங்கள் தங்கையின் முன்கை எலும்பு முறிந்தது. இந்தியத் தண்டனைச் சட்டம் 325-ஆம் பிரிவில் வழக்கு நடந்தது. போன மாதம் நடுவர் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்று தீர்மானித்தது, ஆனால் நன்னடத்தைப் பிணை எழுதி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டது. அதன்பிறகு இரண்டு முறை வாசலில் வந்து நின்று சத்தம் போட்டிருக்கிறார். இது விடுதலைதானே, எங்களை ஏன் யாரும் கேட்கவில்லை, தங்கையின் முகவரியும் காய விவரமும் இணையத்தில் கிடப்பதை எடுக்க முடியுமா, அவருடைய அரசு வேலை போகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இனிமேல் உங்கள் கையில் ஏதாவது பிடி இருக்கிறதா என்பதுதான் இத்தனைக்கும் அடியில் இருக்கும் கேள்வி. இருக்கிறது. பெரும்பாலானவர்கள் அதைப் பயன்படுத்தாமல் காலம் கடத்திவிடுகிறார்கள்.

முதலில், இது விடுதலை இல்லை. விடுதலை என்றால் குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்று அர்த்தம். இங்கே குற்றம் நிரூபணமாகிவிட்டது; தண்டனை எவ்வளவு என்று சொல்வதை மட்டும் நீதிமன்றம் நிறுத்தி வைத்திருக்கிறது. 1958-ஆம் ஆண்டு குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவில் எழுதப்படும் பிணைப் பத்திரத்தின் உள்ளடக்கமே அதுதான்: நான் அமைதியாக, நல்ல நடத்தையோடு இருப்பேன், கூப்பிடும்போது வந்து தண்டனையைப் பெற்றுக்கொள்வேன். காலம் அதிகபட்சம் 3 ஆண்டு. அதாவது அந்த 3 ஆண்டும் அவர் தலைமேல் 325-ஆம் பிரிவின் தண்டனை நிற்கிறது. பரோல் என்று சிலர் சொல்வதும் தவறு. பரோல் அல்லது சிறை விடுப்பு என்பது தண்டனையை அனுபவித்துக்கொண்டிருப்பவர் சில நாள் வெளியே வருவது; தமிழ்நாட்டில் அதற்கு 1982-ஆம் ஆண்டின் தண்டனை நிறுத்திவைப்பு விதிகள் தனியாக உள்ளன. நன்னடத்தைப் பிணையில் சிறைக்குப் போவதே இல்லை.

இந்தக் குற்றத்துக்கு இப்படி விடலாமா என்றால், சட்டப்படி விடலாம். மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கக்கூடிய குற்றங்களுக்கு மட்டும் 4-ஆம் பிரிவு பொருந்தாது. 325-க்கு உச்சவரம்பு 7 ஆண்டு, ஆகவே பொருந்தும். அதே எலும்பு முறிவு, ஆயுதத்தால் ஏற்பட்டது என்று 326-ஆம் பிரிவில் குற்றம் தீர்மானமாகியிருந்தால் அதற்கு ஆயுள் வரை தண்டனை உண்டு. அப்போது இந்த வாசலே திறந்திருக்காது. அதனால்தான் குற்றப்பத்திரிகையில் எந்தப் பிரிவு போடப்படுகிறது என்பது ஆரம்பத்திலேயே கவனிக்க வேண்டிய விஷயமாகிறது. கம்பியால் அடித்தார் என்று புகாரில் இருந்து, பிறகு அது வெறும் 325 ஆகியிருந்தால், எந்தக் கட்டத்தில் மாறியது என்று உங்கள் வழக்கறிஞரிடம் கேளுங்கள். 2024 ஜூலை 1 முதல் நடந்த குற்றங்களுக்கு, இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 117, 118-ஆம் பிரிவுகளில் இதே கோடு இருக்கிறது.

ஏன் இப்படி ஒரு சட்டம் என்ற கோபம் உங்கள் கேள்வியில் தெரிகிறது. அந்தக் கோபம் நியாயம்தான். ஆனால் சட்டத்தின் நோக்கமும் அற்பமானதல்ல. முதல்முறை தவறு செய்தவரைப் பழைய குற்றவாளிகளோடு அடைத்தால் அவர் இன்னும் கெட்டுத்தான் வெளியே வருவார் என்ற அனுபவத்தில் பிறந்தது இது. சென்னை மாகாணம் 1936-லேயே இதற்கென்று தனிச் சட்டம் இயற்றியது; மத்தியச் சட்டம் வந்தது அதற்கு 22 ஆண்டு கழித்து. குறை எங்கே என்றால், அந்தக் காலத்தில் எழுதியவர்கள் மனதில் குற்றம் செய்தவர், நீதிமன்றம், பிணையில் விடப்பட்டவரைக் கண்காணித்து நீதிமன்றத்துக்கு அறிக்கை தரும் நன்னடத்தை அலுவலர் என்ற மூவர் மட்டுமே இருந்தார்கள். அடிபட்டவர் இந்தச் சட்டத்தில் ஒரே ஒரு பிரிவில்தான் நேரடியாக வருகிறார். அது இழப்பீடு பற்றிய 5-ஆம் பிரிவு. உங்களை யாரும் கேட்காமல் விட்டதற்குக் காரணம் இதுதான்: கேட்டே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. 2018-ல் மல்லிகார்ஜுன் கோடகளி வழக்கில், தண்டனைக்கு முன் பாதிக்கப்பட்டவர் தன் பாதிப்பைச் சொல்ல வாய்ப்புத் தரப்பட வேண்டும் என்ற கருத்தை உச்ச நீதிமன்றம் முன்வைத்தது. ஆனால் அது நடுவர் நீதிமன்றங்களின் அன்றாட நடைமுறையாக மாறவில்லை. இதே நிலையில் இருந்து, தீர்ப்பு இன்னும் வராதவர்கள் ஒன்று செய்யலாம்: வழக்கறிஞர் ஒருவரை வைத்து, அரசு உதவி வழக்கறிஞருக்குத் துணையாக இருக்க நீதிமன்ற அனுமதி கேட்கலாம், எழுத்துபூர்வமாக வாதம் தாக்கல் செய்யலாம். குற்றவாளி என்று அறிவித்த கையோடு நன்னடத்தைப் பிணை கேட்கப்படும் என்று எதிர்பார்த்து, அந்த எழுத்து வாதத்தை முன்கூட்டியே தயாராக வைத்திருப்பது நல்லது. பல வழக்குகளில் இரண்டும் ஒரே நாளில் முடிந்துவிடும்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். தீர்ப்பு நகலும் பிணைப் பத்திரத்தின் நகலும் கையில் இல்லாமல் அடுத்த அடி எடுத்து வைக்க முடியாது. தீர்ப்பால் பாதிக்கப்படும் எவரும் கட்டணம் கட்டி நகல் வாங்கலாம். உங்கள் தங்கை பெயரிலேயே நகல் மனு போடுங்கள். நீங்கள் வழக்கில் கட்சிக்காரர் இல்லை என்று யாராவது சொன்னால், காயம்பட்ட சாட்சி என்று மனுவிலேயே குறிப்பிடுங்கள். நகல் வந்ததும், உத்தரவு எந்தப் பிரிவில் போடப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். 3-ஆம் பிரிவு என்றால் அது வெறும் எச்சரித்து விடுவது. 2 ஆண்டுக்கு மேற்படாத தண்டனை உள்ள குற்றங்களுக்கும், திருட்டு, மோசடி போன்ற குறிப்பிட்ட சில பிரிவுகளுக்கும்தான் அது பொருந்தும். 325-க்குப் பொருந்தாது. அப்படிப் போட்டிருந்தால் அதுவே பெரிய பிழை. 4-ஆம் பிரிவு என்றால், அவரை நன்னடத்தை அலுவலரின் கண்காணிப்பில் வைத்திருக்கிறார்களா என்று தேடுங்கள். கண்காணிப்பு உத்தரவு கட்டாயமில்லை. போட்டால் ஓராண்டுக்குக் குறையக் கூடாது. கண்காணிப்பு போட்டிருந்தால் நிபந்தனைகளும் இருக்கும்: எங்கே குடியிருக்க வேண்டும், குடிக்கக் கூடாது, அதே குற்றம் திரும்ப நடக்காமல் தடுக்க நீதிமன்றம் பொருத்தமென்று நினைக்கும் வேறு எதுவும். பாதிக்கப்பட்டவரை அணுகக் கூடாது, அவர் வீட்டுப் பக்கம் போகக் கூடாது என்ற நிபந்தனையை இந்தக் கடைசி வகையில் சேர்க்கலாம். அச்சடித்த படிவத்தை அப்படியே நிரப்பிக் கையெழுத்து வாங்கியிருந்தால் இது விடுபட்டிருக்கும்.

அடுத்து அறிக்கை. பிணையில் விடுவதற்கு முன் நன்னடத்தை அலுவலரின் அறிக்கையை நீதிமன்றம் கருத்தில் கொள்ள வேண்டும் என்று 4(2) சொல்கிறது. 'இருந்தால்' என்ற சொல் அதில் இருப்பதால் அறிக்கை கட்டாயமா என்று வாதம் நடக்கும். 2005-ல் டெல்லி மாநகராட்சி வழக்கில், அறிக்கை கேட்காமலே விட்ட உத்தரவை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. குற்றவாளி 21 வயதுக்குக் குறைந்தவரானால் கதை வேறு: 6-ஆம் பிரிவின்படி அறிக்கை கேட்டே ஆக வேண்டும், சிறைக்கு அனுப்புவதென்றால் அதற்குத்தான் காரணம் எழுத வேண்டும். உங்கள் தீர்ப்பில் அறிக்கை பற்றி ஒரு வரிகூட இல்லையென்றால் அந்தப் பக்கத்தை மடித்து வைத்துக்கொள்ளுங்கள், பிறகு உதவும். அதோடு, அவருக்கோ ஜாமீன்தாரருக்கோ அந்த நீதிமன்ற எல்லைக்குள்ளோ பிணைக் காலத்தில் அவர் வசிக்கப்போகும் இடத்திலோ நிலையான வசிப்பிடமோ வழக்கமான தொழிலோ இருக்கிறது என்று நீதிமன்றம் திருப்தி அடைந்ததாகப் பதிவு இருக்க வேண்டும்.

இப்போது அவர் வாசலில் வந்து நின்ற விஷயம். உங்கள் பலம் முழுக்க 9-ஆம் பிரிவில்தான் இருக்கிறது. நிபந்தனையை மீறினார் என்று 'நன்னடத்தை அலுவலரின் அறிக்கையிலிருந்தோ வேறு விதமாகவோ' நம்பக் காரணம் இருந்தால் நீதிமன்றம் பிடிவாரண்டோ சம்மனோ அனுப்பலாம். 'வேறு விதமாகவோ' என்ற இடத்தில்தான் உங்கள் மனு நுழைகிறது. அலுவலர் எழுதட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. பிணை உத்தரவிட்ட அதே நீதிமன்றத்தில், வழக்கு எண்ணைக் குறிப்பிட்டு, தேதி, நேரம், சொன்ன வார்த்தைகள், பார்த்தவர் பெயர் ஆகியவற்றோடு மனு கொடுங்கள். 'தொந்தரவு செய்கிறார்' என்று பொதுவாக எழுதினால் அது கோப்பில் உறங்கும். சி.சி.டி.வி. பதிவு இருந்தால் உடனே தனியாக எடுத்து வையுங்கள், பல கருவிகள் சில வாரங்களில் பழையதை அழித்து மேலே எழுதிவிடும். மீறல் நிரூபணமானால் நீதிமன்றம் அந்த இடத்திலேயே பழைய குற்றத்துக்குத் தண்டனை விதிக்கலாம். முதல்முறை மீறல் என்றால் 50 ரூபாய்க்கு மேற்படாத தொகை விதித்துவிட்டு, பிணையைத் தொடர விடவும் அதிகாரம் உண்டு. ஆம், 50 ரூபாய்தான். 1958-ல் போட்ட தொகை. இதைப் படித்துச் சோர்ந்துவிடாதீர்கள். அந்த 50 ரூபாயின் மதிப்பு அதன் தொகையில் இல்லை: முதல் மீறல் பதிவாகிவிட்டால் அடுத்த மீறலுக்கு அந்தச் சலுகை கிடையாது. ஆகவே சின்ன மீறலையும் பதிவு செய்யுங்கள்.

மிரட்டினார் என்றால் அது புதிய குற்றமும் ஆகும். காவல் நிலையத்தில் தனிப் புகார் கொடுத்து, மனு ரசீது வாங்கி, அதையும் 9-ஆம் பிரிவு மனுவோடு இணையுங்கள். காவல் நிலையத்தில் 'அதான் கோர்ட்டில் முடிஞ்சுபோச்சே' என்று திருப்பி அனுப்புவது வழக்கம். முடியவில்லை, பிணைக் காலம் ஓடிக்கொண்டிருக்கிறது என்று பத்திர நகலைக் காட்டிச் சொல்லுங்கள்.

அணுகக் கூடாது என்ற நிபந்தனை விடுபட்டிருந்தால் அதை இப்போதும் சேர்க்கலாம், ஆனால் வழி கொஞ்சம் சுற்று. பிணை நிபந்தனையை மாற்ற 8-ஆம் பிரிவு இடம் தருகிறது. விண்ணப்பிக்க வேண்டியவர் நன்னடத்தை அலுவலர். நீங்கள் நேரடியாகப் போட்டால் தள்ளுபடியாக வாய்ப்பு அதிகம். ஆகவே அலுவலரைப் போய்ப் பாருங்கள். இங்கே பலர் தவறான அலுவலகத்துக்குப் போகிறார்கள்: மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலும் நன்னடத்தை அலுவலர் என்ற பதவி உண்டு, அது சிறார் வழக்குகளுக்கு. வயது வந்தவர்களின் பிணையைக் கவனிப்பவர் சிறைகள் மற்றும் சீர்திருத்தப் பணிகள் துறையின் கீழ் வரும் நன்னடத்தை அலுவலர். சிறை நிர்வாகம் அரசமைப்பின்படி மாநிலப் பட்டியலில் இருப்பதாலும், நன்னடத்தை அலுவலரை நியமிப்பதும் விதிகள் செய்வதும் மாநில அரசு என்பதாலும் இந்த அமைப்பு மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். பக்கத்து மாநிலத்து நண்பர் சொல்லும் அலுவலகப் பெயர் இங்கே பொருந்தாது.

அவரிடம் பேசும்போது ஒன்றில் கவனம் வேண்டும். நன்னடத்தை அலுவலரின் அறிக்கை 7-ஆம் பிரிவின்படி ரகசியமானது, உங்களுக்கு அதன் நகல் கிடைக்காது. ஆனால் அதன் சாரத்தைக் குற்றவாளிக்குத் தெரிவிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு, அவர் அதை மறுத்து ஆதாரம் காட்டவும் வாய்ப்பு உண்டு. ஆகவே தங்கை வேறு வீட்டுக்கு மாறியிருந்தால், புதிய முகவரி, வேலை செய்யும் இடம், கைபேசி எண் ஆகியவற்றை எழுத்து வாக்குமூலத்தில் சேர்க்க வேண்டாம். தொடர்புக்கு வழக்கறிஞரின் முகவரியைக் கொடுங்கள். பயம் என்ன, எதனால் என்பதைத் தெளிவாகச் சொன்னால் போதும்.

உத்தரவையே எதிர்க்க முடியுமா என்பதில் உறுதியானதையும் சந்தேகமானதையும் பிரித்துச் சொல்கிறேன். இழப்பீடு போதவில்லை என்று மேல்முறையீடு செய்ய உங்கள் தங்கைக்கு உரிமை உண்டு. குற்றவியல் நடைமுறைச் சட்டம் 372-ஆம் பிரிவின் காப்புரை, இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 413, அதைத் தெளிவாகத் தருகிறது. தண்டனை போதவில்லை என்று மட்டும் சொல்லி அந்தப் பிரிவில் போக முடியாது. அது அரசுத் தரப்பின் உரிமை என்பதை 2010-ல் தேசிய மகளிர் ஆணையம் தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. நன்னடத்தைச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு, பிணை உத்தரவின்மேல் மேல்முறையீடு உண்டு என்கிறது, யார் செய்யலாம் என்று சொல்லவில்லை. அதை வைத்துப் பாதிக்கப்பட்டவரும் போகலாம் என்று வாதாடலாம். ஏற்கப்படும் என்று உறுதி தர மாட்டேன். அமர்வு நீதிமன்றத்திலோ உயர் நீதிமன்றத்திலோ சீராய்வு மனு, அதாவது கீழ் நீதிமன்ற உத்தரவு சட்டப்படி சரியா என்று பார்க்கக் கோரும் மனு, போடுவது இதைவிடப் பாதுகாப்பான வழி. அதில் 'தண்டனை குறைவு' என்று அழுவதைவிட, அறிக்கை கேட்கவில்லை, காயத்தின் தன்மையைப் பேசவில்லை, முந்தைய வழக்கை மறைத்துவிட்டார், இழப்பீட்டைப் பற்றி யோசிக்கவே இல்லை என்று சட்டப் பிழைகளைச் சுட்டுங்கள். தீர்ப்பைப் படிக்காமல் இதில் எது உங்களுக்குப் பொருந்தும் என்று நான் சொல்ல முடியாது.

இழப்பீட்டைப் பற்றி நீங்கள் எதுவும் கேட்கவில்லை, ஆனால் அதை விட்டுவிடக் கூடாது. 5-ஆம் பிரிவில் இழப்பும் காயமும் இரண்டும் கணக்கில் வரும், அபராதத்தைப் போலவே வசூலிக்கவும் முடியும். மருத்துவமனை ரசீது, தகடு வைத்த அறுவை சிகிச்சைச் செலவு, பிசியோதெரபி, வேலைக்குப் போகாத நாட்களின் சம்பளச் சான்று எல்லாம் வேண்டும். அவரிடமிருந்து வராவிட்டால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில், பாதிக்கப்பட்டோர் இழப்பீட்டுத் திட்டத்தின் கீழ் தனியாக விண்ணப்பிக்கலாம். வழக்கறிஞர் வைக்க வசதியில்லை என்றாலும் அதே ஆணைக்குழுதான். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு.

இணையத்தில் கிடக்கும் விவரங்கள்தான் இதில் கடினமான பகுதி. பாலியல் குற்றமாக இருந்தால் சட்டம் கறாரானது: பாரதிய நியாய சன்ஹிதாவின் 72-ஆம் பிரிவில் அடையாளத்தை வெளியிட்டால் 2 ஆண்டு வரை சிறை, குழந்தை என்றால் போக்சோ 23-ஆம் பிரிவு பள்ளி, அக்கம்பக்கம், குடும்பம் வரை மறைக்கச் சொல்கிறது, 2018-ல் நிபுண் சக்சேனா வழக்கில், பெயரைச் சொல்லாவிட்டாலும் ஆளை அடையாளம் காட்டும் எந்தத் தகவலும் வரக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சாதாரணத் தாக்குதல் வழக்கில் அடிபட்டவருக்கு இப்படி ஒரு தடுப்பு இல்லை. எஃப்.ஐ.ஆர். இணையத்தில் வருவதற்கே காரணம், 2016-ல் இளம் வழக்கறிஞர்கள் சங்க வழக்கில் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவு: பாலியல் குற்றம், போக்சோ, தீவிரவாதம் போன்ற உணர்வுபூர்வமானவை தவிர மற்றவற்றை 24 மணி நேரத்துக்குள் ஏற்ற வேண்டும் என்பது. கைது செய்யப்படுபவரின் உரிமைக்காக வந்த நல்ல உத்தரவு, ஆனால் புகார்தாரரின் வீட்டு எண்ணும் அதோடு வெளியே வந்துவிடுகிறது.

தீர்ப்பிலிருந்து நீக்கச் சொல்லி நடுவர் நீதிமன்றத்தில் கேட்டால், கையெழுத்திட்ட தீர்ப்பை எழுத்துப்பிழை தவிர மாற்ற அதிகாரமில்லை என்று பதில் வரும் வாய்ப்பு அதிகம். பொதுப் பார்வைக்கு வைக்கும் படியில் சில வரிகளை மறைப்பது தீர்ப்பைத் திருத்துவது ஆகாது என்பது என் கருத்து. ஆனாலும் உத்தரவாக வாங்க வேண்டிய இடம் உயர் நீதிமன்றம். அங்கேயும் இன்று நிலைமை உறுதியாக இல்லை. விடுதலையான ஒருவர் தன் பெயரை நீக்கக் கேட்ட வழக்கில் சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி 2021-ல் மறுத்தார், 2024-ல் இரு நீதிபதிகள் அமர்வு அனுமதித்தது, அதே ஆண்டு உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது. அது குற்றம் சாட்டப்பட்டவரின் பெயர் பற்றிய வழக்கு. பாதிக்கப்பட்டவரின் முகவரியும் உடல்நிலை விவரமும் வேறு தட்டில் வைத்துப் பார்க்க வேண்டியவை. 2017-ல் அந்தரங்க உரிமையை அடிப்படை உரிமையாக அறிவித்த புட்டசாமி தீர்ப்பு அதற்கு ஆதாரம். ஆகவே கோரிக்கையைச் சுருக்குங்கள். முழுத் தீர்ப்பையும் எடுக்கச் சொல்லாமல், கதவு எண், கைபேசி எண், காயச் சான்றில் உள்ள மற்ற உடல்நலக் குறிப்புகள் ஆகியவற்றை மட்டும் மறைக்கக் கேளுங்கள். எந்த இணைப்பில், எந்தப் பக்கத்தில், எந்த வரியில் என்று அட்டவணை போட்டுக் கொடுங்கள். எஃப்.ஐ.ஆருக்கு மாவட்டக் காவல் கண்காணிப்பாளரிடம் தனியாக மனு கொடுங்கள். தாக்கியவர் தொடர்ந்து வீட்டுக்கு வருகிறார் என்ற புகாரின் நகலை அதோடு இணைத்தால் வெறும் கூச்சத்துக்காகக் கேட்கவில்லை என்பது புரியும்.

அவருடைய அரசு வேலையைப் பற்றி: 12-ஆம் பிரிவு, இப்படி விடப்பட்டவருக்குத் தண்டனையால் வரும் தகுதியிழப்பை நீக்குகிறது. அதனால் வேலை தப்பிவிடும் என்று அவர் தரப்பில் சொல்லியிருப்பார்கள். 1990-ல் பக்ஷி ராம் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது வேறு: குற்றத் தீர்மானம் அழிவதில்லை, எந்த நடத்தைக்காக அவர் குற்றவாளி ஆனாரோ அதன்மேல் துறை நடவடிக்கை எடுக்கத் தடையில்லை. எடுப்பதா வேண்டாமா என்பது அந்தத் துறையின் முடிவு, நீங்கள் தீர்ப்பு நகலை அனுப்பலாம், அதற்கு மேல் வற்புறுத்த முடியாது.

கடைசியாக நாட்கணக்கு. அமர்வு நீதிமன்றத்தில் மேல்முறையீட்டுக்கு 30 நாள், சீராய்வுக்கு 90 நாள். போன மாதத் தீர்ப்பு என்றால் முதல் கெடு முடிந்திருக்கலாம். தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவோடு போட முடியும், காரணத்தைத் தேதிவாரியாக எழுத வேண்டும். நகல் வாங்க எடுத்த நாட்கள் இந்தக் கணக்கில் கழியும். ஆனால் கழிப்பது நகல் மனு போட்ட நாளிலிருந்துதான். நகலின் கடைசிப் பக்கத்து முத்திரையில் விண்ணப்பித்த தேதி, தயாரான தேதி, பெற்ற தேதி மூன்றும் இருக்கும். வாங்கும்போதே அவை சரியாக நிரப்பப்பட்டிருக்கின்றனவா என்று பார்த்து வாங்குங்கள்.